பதினேழாம் வீட்டின் அரைக்கோடுகள்

“ஒங்க வீட்டுப் பெட்டி வாயத் தொறக்கலன்னா அதுக்குத் தெருவே வந்து கெஞ்சணுமா? கம்பெனிக்காரன்ட்ட சொல்லுங்க.”

“நாலு தடவ சொல்லியாச்சு அண்ணாச்சி. அணைச்சுப் போடுங்கான். அணைச்சுப் போட்டா மறுபடியும் அணைச்சுப் போடுங்கான். நீங்கதான தலைவரு? முப்பது நாள் கெடுவ நிறுத்தி வைக்கச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டா ஒங்க கையி தேஞ்சா போவும்?”

“சட்டத்துல அப்படி எடமே கெடையாது.”

“அப்போ எங்க வீட்டுக்காரரு சாவதுக்குச் சட்டத்துல எடம் இருக்கோ?”

இந்த இடத்தில்தான் நான் கறிவேப்பிலை பறிக்க வெளியே வந்தேன். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரம் மதிலோரம் நிற்கிறது. தெருவில் சத்தம் கேட்கும் நாட்களில் எங்கள் வீட்டு ரசம் கூடுதலாகவே மணக்கும்.

சாரல் பூந்தூறலாக விழுந்துகொண்டிருந்தது. பதினேழாம் வீட்டு உலகம்மாள் கேட்டுக்கு உள்ளே. பதினெட்டாம் வீட்டு ஆவுடையப்பன், எங்கள் தெருச் சங்கத் தலைவர், கேட்டுக்கு வெளியே குடையோடு. ஒன்பது வருடமாக ஒருவருக்கொருவர் ஒரு சொல் பேசாத இரண்டு வீடுகள், சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே காலையில் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தன.

ஜன்னலுக்குள்ளிருந்து உலகம்மாளின் கணவர் சங்கரபாண்டி அண்ணன் குரல் வந்தது. “ஏளா, போதும், உள்ள வா. ஆவுடையப்பனுக்கு பிரஷர் ஏறிரப் போவுது. அப்புறம் அவனுக்கும் ஒரு மிசினு வேணும்.”

அந்த மிசின்தான் பிரச்சினை. சங்கரபாண்டி அண்ணன் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் வீட்டிலேயே டயாலிசிஸ். அந்த எந்திரத்துக்கு ஒரு பழக்கம். தொடங்கும் முன்னால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சூரிய மின்பெட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும்: நாலு மணி நேரம் கரண்டு நிற்காது என்று உத்தரவாதம் உண்டா? வெயில் காலத்தில் மாடித் தகடே உத்தரவாதம் கொடுத்துவிடும். சாரல் காலத்தில் தென்காசியில் சூரியன் விருந்தாளி. அப்போது தெரு பேட்டரிதான் ஆமாம் சொல்ல வேண்டும்.

ஊரெல்லாம் ஓடிய பழைய மின்கம்பிகளைக் கழற்றிவிட்டு, தெருவுக்கு ஒரு பேட்டரி அறை என்று அரசு மாற்றி ஆறு வருடமாகிறது. எங்கள் தென்றல் நகரில் முப்பத்தாறு வீடு, முப்பத்தாறு மாடியில் தகடு, முப்பத்தாறு பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் கால் மணிக்கு ஒரு தடவை, ‘இருக்கிறேன், இவ்வளவு மிச்சம், இவ்வளவு வேண்டும்’ என்று பேட்டரி அறைக்குச் செய்தி அனுப்பும். அனுப்பினால் பங்கு உண்டு. முப்பது நாள் அனுப்பாத வீடு ஆளில்லாத வீடு. தெருக் கம்பியிலிருந்து வெட்டிவிடும். மறுபடி சேர ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். உள்ளே ஆள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாலும், பெட்டி சொல்லாவிட்டால் ஆள் இல்லை.

பதினேழாம் வீடு வாய் திறந்து இருபத்தேழு நாளாகியிருந்தது. சாரல் தொடங்கி ஆறு நாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒரு முறை அவசரத்துக்கு இடம் கிடைத்தது, அடுத்ததற்கு வரிசை. தெருவிலிருந்து வெட்டிவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. அண்ணனுக்கு அதில் துளியும் மனமில்லை. “மருமகன் நல்லவருதான். ஆனா மூணாம் மாடி. சன்னலத் தொறந்தா அடுத்த வீட்டு பாத்ரூம் தெரியுது,” என்பார். இங்கே ஜன்னலைத் திறந்தால் மலை.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் வினோலியா, தூத்துக்குடிப் பெண், இருபத்தெட்டு வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை என்பதை அவள் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் தெரிந்துகொண்டேன். ‘உதவிக்கு ஆள் வேண்டுமே’ என்று நானும் பதினேழாம் வீட்டுக்குள் போனேன். ஒன்பது வருடத்தில் நான் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் முறை. உலகம்மாள் என்னைப் பார்த்தாள். “வாங்க மைனி,” என்றாள். அவ்வளவுதான்.

வினோலியா பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு பல்லி முட்டை.

“இதாம்மா காரணமா?” என்றாள் உலகம்மாள் ஆசையாக.

“இல்லம்மா. இது பாவம், குடியிருக்கு.” முட்டைகளை ஒரு தாளில் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு பெட்டியின் நெற்றியைப் பார்த்தாள். “இது என்ன?”

“சந்தனம். ஆயுத பூசைக்கு வச்சது.”

“எத்தன ஆயுத பூசைக்கு?”

“ஆறு.”

ஆறு வருடச் சந்தனமும் குங்குமமும் விரற்கடை கனத்துக்கு ஏறி, சிக்னல் போகும் ஓட்டையை மூடியிருந்தது. வினோலியா ஒரு பழைய பல்துலக்கியால் அதைத் தேய்க்க, உலகம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஓட்டை திறந்தது. விளக்கு சிவப்பிலேயே நின்றது. அப்புறம் கம்பிகளைச் சோதித்தாள், மாடிக்கு ஏறித் தகடுகளைத் துடைத்தாள், பழைய பெட்டியையே கழற்றிவிட்டுத் தான் கொண்டுவந்த புதுப் பெட்டியை மாட்டினாள். புதுப் பெட்டியும் சிவப்பு.

“பெட்டியில கோளாறு இல்ல,” என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். “இது நல்லாவே கத்திக்கிட்டுதான் இருக்கு. கேக்கதுக்குத்தான் ஆளில்ல.”

“அப்படின்னா?”

“ஒங்க பெட்டி சத்தம் பேட்டரி ரூம் வர எட்டாதும்மா. சின்னச் சத்தம். பக்கத்து வீடு வாங்கி அதுக்கு அடுத்த வீட்டுக்குக் குடுக்கும், அப்படியே கைமாறிப் போவும். எந்த வீடு வாங்கலாம்னு மொதல்லயே லிஸ்ட் போட்டிருப்பாங்க. ‘நம்பும் வீடுகள்’னு போன்ல ஒரு பக்கம் வந்திருக்குமே.”

வந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் ஆள் இருக்கிறதா, ஊருக்குப் போயிருக்கிறார்களா என்பதெல்லாம் அந்தச் செய்தியில் இருப்பதால், நம்புகிற வீடுகள் வழியாக மட்டும் போகட்டும் என்று அரசு நல்லெண்ணத்தோடு வைத்த ஏற்பாடு. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் வழி திறக்கும். யார் நம்மை ஒத்துக்கொண்டார்கள் என்று மட்டும் காட்டாது. காட்டினால் வெட்டுக்குத்து ஆகும் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. மற்ற ஊர்களில் கையெட்டும் தூரத்து வீடுகளாகப் பார்த்துத் தொட்டார்களாம். நாங்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க லிஸ்ட் போடுவது போல உட்கார்ந்து போட்டோம். இன்னார் நம் வீட்டு வளைகாப்புக்கு வரவில்லை, அடித்துவிடு. இன்னார் மொய் எழுதாமல் சாப்பிட்டுப் போனவர், அடித்துவிடு.

“நீங்க யாரையெல்லாம் போட்டீங்கம்மா?” என்று வினோலியா கேட்டாள்.

உலகம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

“பேட்டரி ரூம்ல மொத்தத் தெருவுக்கும் படம் இருக்கும். அதத் தொறக்கதுக்கு என் ரேகையும் தலைவர் ரேகையும் வேணும். தலைவர் யாரு?”

நான் கூட்டிப்போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பேட்டரி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்களுக்குப் பின்னால் இருபது குடை. ஆவுடையப்பனின் மகள் பூங்கோதையும் வந்திருந்தாள். திருநெல்வேலியில் கல்லூரி நூலகராக இருப்பவள், வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸில் தூங்குபவள். ஏழாம் நாள் வீட்டில் தூங்காமல் வந்து நின்றது எனக்கு ஆச்சரியம்.

“அத எதுக்கு இப்பம் தொறக்கணும்?” என்றார் ஆவுடையப்பன். “அவங்க வீட்டுல கோளாறுன்னா அவங்க வீட்டுல பாரும்மா.”

“பாத்துட்டேன் சார். கோளாறு தெருவுல இருக்கு.”

“தெருவுல ஒரு கோளாறும் கெடையாது. எங்க எல்லார் வீட்டுலயும் பச்சதான் எரியுது.”

“அண்ணாச்சி, பெரு விரல வச்சா தெரிஞ்சிரப் போவுது. விரலுக்கு என்ன பிரசவ வலியா?” என்றது பின்னாலிருந்து ஒரு குடை. அவர் விரலை வைத்தார்.

திரையில் முப்பத்தாறு புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே கோடுகள். வாசலில் யாரோ குடித்துவிட்டுப் போட்ட கோலம் மாதிரி இருந்தது. நாலாம் வீட்டுச் செய்தி பக்கத்திலிருக்கும் ஐந்தைத் தொடாமல், ஆறு, பதினொன்று, முப்பது என்று தெருவைச் சுற்றிவந்து பேட்டரி அறைக்குப் போயிற்று. நாலும் ஐந்தும் சகலபாடிகள். எல்லாப் புள்ளிக்கும் ஒரு கோடாவது இருந்தது, பதினேழைத் தவிர. அது நடுத்தெருவில், பாத்திரத்தில் ஒட்டாத பருப்பு போலத் தனியாக நின்றது.

இதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பூங்கோதைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தில் தலை சுற்றுகிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். போன இடத்தில், பெண் எப்படி என்று கேட்டார். உலகம்மாள் மறைக்கத் தெரியாதவள். “தங்கமான புள்ள. ஆனா இதுல இஷ்டம் இல்ல. ரெண்டு நாளா பட்டினி கெடக்கு,” என்றாள். தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் நிச்சயம் நின்றது. ஆவுடையப்பன் பேச்சை நிறுத்தினார். அவர் தலைவர் என்பதால் தெருவும் நிறுத்தியது. முதல் வருடம் கோபத்தில் நிறுத்தினோம். பிறகு பழக்கமாகிவிட்டது. மறுபடி தொடங்க யாருக்கும் ஒரு சாக்கு வாய்க்கவில்லை.

“ஆறு வருஷமா இப்படியா இருந்துச்சு?” என்று யாரோ கேட்டார்கள். “அப்போ இத்தன நாளா அந்த மிசினு எப்படி ஓடிச்சு?”

நல்ல கேள்வி. வினோலியா திரையை நாள் வாரியாகப் பின்னால் நகர்த்தினாள். இருபத்தெட்டு நாள் பின்னால் போனதும் பதினேழிலிருந்து ஒரே ஒரு கோடு முளைத்தது. அது பதினெட்டுக்குப் போயிற்று. ஆவுடையப்பன் வீட்டுக்கு.

குடைகள் எல்லாம் ஆவுடையப்பன் பக்கம் திரும்பின.

“நாந்தான் போட்டேன்,” என்றாள் பூங்கோதை. “பெட்டி வந்த அன்னைக்கு லிஸ்ட்ட நிரப்பச் சொல்லி அப்பா போன என்ட்டதான் குடுத்தாங்க. உலகத்தை மொதல்ல போட்டேன்.” சின்ன வயதில் அவள் உலகம்மாளை அப்படித்தான் கூப்பிடுவாள். “அது அன்னைக்கு உண்மையச் சொல்லலன்னா நான் அந்தக் கல்யாணத்துல மாட்டியிருப்பேன். அந்தக் கோடு எங்க போச்சுப்பா?”

ஆவுடையப்பன் குடையை மடக்கினார், விரித்தார்.

“எடுத்துட்டேன்.”

“ஏம்ப்பா?”

“போன மாசந்தான் எனக்குத் தெரிய வந்துச்சு. ஆறு வருசமா எங்க வீட்டுக்குள்ளயே என்ன ஏமாத்திருக்கியேன்னு கோவம். எடுத்துட்டேன்.” குடை நுனியால் திரையைக் காட்டினார். “நம்ம வீடு ஒண்ணுதான் இருந்துச்சுன்னு சாமி சத்தியமா தெரியாதும்மா. முப்பத்தஞ்சு வீடு இருக்கே. நாம எடுத்தா இன்னும் நாலஞ்சு வீடு இருக்கும்னு நெனச்சேன்.”

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்ட முடியாது. அங்கே நின்ற ஒவ்வொரு குடைக்குக் கீழும் அதே நினைப்புத்தான் இருந்தது. நாம் போடாவிட்டால் என்ன, எதிர் வீட்டுக்காரர் போட்டிருப்பார். நானே எதிர் வீட்டுக்காரி.

“ஆறு வருஷம் கழிச்சுத் திடீர்னு ஒங்களுக்கு யார் சார் சொன்னா?” என்று வினோலியா சாதாரணமாகக் கேட்டாள். வேலைக்கு வந்த பெண், எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும் போல.

போன மாதம் ஒரு நாள் கறிவேப்பிலைக்கு வந்த பூங்கோதை எங்கள் திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நம்பும் வீடுகள்’ பக்கம் திறந்திருந்தது. பதினேழுக்கு நேரே பச்சை டிக் இருந்ததை நான் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அன்று சாயங்காலமே பதினெட்டாம் வீட்டுக்குப் போய், ஆவுடையப்பன் பெஞ்சாதி பார்வதியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். பேச்சுவாக்கில்தான். அவர் அப்போது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

திரை முன்னால் நின்ற ஆவுடையப்பன் என் பக்கம் திரும்பவில்லை. “யாரும் சொல்லல. நானாத்தான் பாத்தேன்,” என்றார்.

நான் குடைக் கம்பியை எண்ணத் தொடங்கினேன். எட்டு இருந்தது.

“சரி, இப்ப யாராவது ஒரு வீடு திரும்பப் போட்டாக்கூடப் போதும்,” என்றாள் வினோலியா. “இன்னைக்கே மிசின் ஓடும்.”

ஒருவரும் அசையவில்லை. போட மனமில்லை என்று சொல்ல மாட்டேன். நாம் போய்த் தொட்டு, அந்தப் பக்கம் உலகம்மாள் நம்மை ஒத்துக்கொள்ளாவிட்டால்? ஒன்பது வருடம் முகம் கொடுக்காத தெருவை அவள் எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்? அப்படி அவள் மறுத்தால் அது இந்தத் திரையில், இத்தனை பேர் முன்னால் தெரியும். “மொதல்ல அவகிட்டக் கேட்டுட்டு வாங்க,” என்றது ஒரு குரல். “அவ வீம்புக்காரி. மிசினே நின்னாலும் மாட்டேன்னுருவா,” என்றது இன்னொன்று.

“கேக்கவே வேண்டாம்,” என்றாள் வினோலியா. “இது முழுக் கோடு மட்டும் காட்டுது. ஒரு பக்கம் மட்டும் ஒத்துக்கிட்டது தனியா இருக்கு.” ஏதோ ஒரு பொத்தானைத் தொட்டாள்.

பதினேழாம் புள்ளியிலிருந்து கோடுகள் கிளம்பின. எல்லாம் பாதி வழியில் நின்றன. நாலுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, பேட்டரி அறையை ஒட்டிய முப்பத்தாறுக்கு ஒன்று, எங்கள் வீட்டுக்கு ஒன்று. கடைசியாகப் பதினெட்டுக்கும் ஒன்று. முப்பத்தைந்து அரைக்கோடுகள்.

“என்னைக்குப் போட்டது?” என்று ஆவுடையப்பன் கேட்டார்.

“பெட்டி வச்ச மொத நாள் சார். அதுக்கப்புறம் ஒண்ணுகூட எடுக்கல.”

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடி இல்லாமல் தடவினார். பூங்கோதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். “வேண்டாம், நானே போடுதேன்,” என்று மூன்று முறை தவறான இடத்தைத் தொட்டு, நாலாம் முறை சரியாகத் தொட்டார். திரையில் ஓர் அரைக்கோடு நீண்டு முழுதாயிற்று.

அப்புறம் எல்லோரும் போனை எடுத்தார்கள். நாலாம் வீட்டுக்காரர் பதினேழைத் தொட்ட கையோடு சகலபாடியின் ஐந்தையும் தொட்டுவிட்டார். அது வேகத்தில் விரல் தவறியது என்று இன்றுவரை சாதிக்கிறார். நானும் தொட்டேன். எனக்கு விரல் தவறவில்லை.

பதினேழாம் வீட்டுக்கு நாங்கள் திரும்பி வந்தபோது பெட்டி பச்சையாக இருந்தது. எந்திரம் கேள்வியைக் கேட்டு, பதிலை வாங்கி, உறுமத் தொடங்கியிருந்தது. சங்கரபாண்டி அண்ணன் கையை நீட்டிப் படுத்திருந்தார். வாசல் நிறைய நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

“என்னவே, இத்தன பேரு வந்திருக்கீய. நான் போய்ச் சேந்துட்டேன்னு எவனும் சொன்னானா?”

“நீங்கதான் மாமா எல்லார் வீட்டையும் லிஸ்ட்ல போட்டீங்களா?” என்று பூங்கோதை அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

“எனக்கு டிவியவே வைக்கத் தெரியாது. ஒன் உலகத்தக் கேளு.”

உலகம்மாள் ஊசி ஏற்றிய இடத்தில் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தாள். “அவருதான் கைதவறி எல்லாத்தையும் அமுக்கியிருப்பாரு,” என்றாள், தலையைத் தூக்காமல். மறைக்கத் தெரியாதவள் என்று முன்னாலேயே சொன்னேன். அன்றைக்கும் அவளுக்கு அது சரியாக வரவில்லை.

ஆவுடையப்பன் வாசற்படியிலேயே நின்றார். “நாலு மணி நேரம் ஆவுமா?” என்று பொதுவாகக் கேட்டார்.

“ஆவும்,” என்றாள் உலகம்மாள். “உள்ள வந்து உக்காருங்க அண்ணாச்சி. நின்னா கால் வலிக்கும்.”

அவர் உட்கார்ந்தார். நாலு மணி நேரமும் இரண்டு ஆண்களும் பேசியது சாரலைப் பற்றி மட்டும். கூட இருந்து கேட்டவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் நாலு சாரல் வந்து போயிற்று. வினோலியா, கம்பெனியில் வேலை பார்த்த நாகர்கோவில் பையனைக் கட்டிக்கொண்டு மஸ்கட் போய்விட்டாள். நிச்சயம் நின்ற காலத்தில் பூங்கோதை மனதில் வைத்திருந்தவன் எப்போதோ இரண்டு பிள்ளைகளோடு திருப்பூரில் செட்டிலாகிவிட்டான். அவள் முப்பத்து நாலு வயதில், கழுகுமலை இசக்கிராஜா என்ற கணக்கு வாத்தியாரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். சங்கரபாண்டி அண்ணனுக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன எந்திரம் வந்தது. எங்கேயும் போகலாம் என்று ஆனதும், உடுமலையில் மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததும், அவரே போகலாம் என்றார். மகளும் மூன்றாம் மாடியை விட்டு, கீழ் வீடாகப் பார்த்து மாறியிருந்தாள். வீட்டைப் பூங்கோதைக்கும் வாத்தியாருக்கும் குடியிருக்கக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வண்டியில் சாமான் ஏறிய அன்று உலகம்மாள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு கடைசியில் என் மதிலோரம் வந்தாள். என் தலை குனிந்தே இருந்தது. அந்தப் பச்சை டிக்கைப் பற்றி யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு எப்போதோ தெரியும்.

“மைனி, வாரத்துக்கு ஒரு தடவ போன் போடுங்க,” என்றாள். “நீங்க சொல்லலன்னா இங்க நடக்கது எங்களுக்கு எப்படித் தெரியும்?”

தவறாமல் போடுகிறேன். பூங்கோதைக்கு இது மூன்றாம் மாதம். உடுமலைப்பேட்டையில் தெரியும், ஆவுடையப்பனுக்கு இன்னும் தெரியாது.